பழைய கைப்பையில் சிகரெட் நெடி: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

பழைய பொருள் விற்கும் பண்டல் கடையில் பார்க்கும்போது பை நன்றாகத்தான் இருக்கும். தோல் வெடிக்கவில்லை, ஜிப் தடங்கலில்லாமல் ஓடுகிறது, விலையும் கைக்கு அடக்கம். வாங்கிவந்து அலமாரியில் வைத்து இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தால் பழைய சிகரெட் நெடி முகத்தில் அடிக்கும். பக்கத்தில் தொங்கிய புடவையிலும் ஏறியிருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் பண்டல் கடைகள் ஐந்தடி நடைபாதையைப் பார்த்துத் திறந்தே கிடக்கும், மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றோட்டத்தில் நெடி தெரியாது. மூடிய இடத்தில்தான் பை தன் கதையைச் சொல்லும்.

சிகரெட் புகை வெறும் காற்று இல்லை. தாரும் நிக்கோடினும் கலந்த மிக நுண்ணிய துளிகள் அதில் மிதக்கின்றன. அவை துணியிலும் அட்டையிலும் பஞ்சிலும் ஒட்டி, பிசுக்குப் படலமாக நிற்கும். ரப்பர் ஷீட்டைப் புகைவீட்டில் தொங்கவிட்டு எடுத்த குடும்பங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. விறகுப்புகை ஷீட்டில் பழுப்பாக இறங்கிய பிறகு, எத்தனை நாள் வெளியே போட்டாலும் அந்த வாடை விடுவதில்லை. பையிலும் அதுவேதான் நடக்கிறது. காற்றில் தொங்கவிட்டால் மேலோட்டமான நெடி குறையும், படலம் அப்படியே இருக்கும். அதனால் முதலில் படலத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். மிச்ச நெடியைக் கடைசியில் கரியில் இழுக்க வேண்டும். வாசனை தெளித்து மறைப்பதற்கு இதில் எங்கும் இடமில்லை.

வேலை தொடங்குமுன்: நெடி எந்த இடத்தில்?

பையைக் காலி செய்து, சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். நிழலில் 24 மணி நேரம் இருக்கட்டும். பிறகு திறந்து ஒவ்வோர் இடமாக மோந்து பாருங்கள்: பெரிய அறை, ஜிப் வைத்த உள்பை, அடிப்பகுதி, கைப்பிடி, வெளித்தோல். மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். நான்காவது முறை மோக்கும்போது எதுவுமே தெரியாது. நடுவில் 10 நிமிடம் வாசலில் நின்றுவிட்டு வாருங்கள், அல்லது சிகரெட் பிடிக்காத ஒருவரைக் கூப்பிட்டு மோக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பஞ்சுச் சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பையின் உள்துணியான லைனிங்கின் மேல் ஓரத்தில் பத்துத் தடவை தேயுங்கள். சாயம் இறங்கினால் லைனிங்கின் நிறமே வரும். தார் இருந்தால், லைனிங் எந்த நிறமானாலும், பஞ்சு தேநீர்க் கறை மாதிரி மஞ்சள் பழுப்பாகும். பஞ்சு வெள்ளையாகவே இருந்தும் நெடி அடித்தால், அது லைனிங்குக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சோதனை உங்கள் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

வெளிப்புறத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கண்ணில் படாத ஓரத்தில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் மேற்பூச்சு உள்ள தோல் அல்லது ரெக்சின், ஈரத்துணியால் துடைக்கலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். அதன்மேல் தண்ணீர் வேலை வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டியவை, வினிகர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை

பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு, வெள்ளைப் பருத்தித் துணி நான்கைந்து, பழைய பல் துலக்கி, சமையல் வினிகர், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மீன்தொட்டிக் கடையில் வடிகட்டிக்கு விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் (வாடையை இழுக்கும் கரி) அரைக் கிலோ, சிலிக்கா ஜெல் 100 கிராம், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று.

ரப்பர்த் தோட்டப்புற ஊரில் வினிகரைக் கேட்டு வாங்கும்போது கவனம் வேண்டும். மலாயில் வினிகருக்கு 'சூக்கா' என்று பெயர். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்துக்கும் 'சூக்கா கெத்தா' என்றுதான் பெயர். அது ஃபார்மிக் அமிலம், அல்லது அதைவிடக் கடுமையான வேறோர் அமிலம். உடம்பில் பட்டால் புண்ணாக்கும், ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், பையின் லைனிங்கையும் தின்றுவிடும். ஹார்டுவேர் கடையில் 'சூக்கா' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மளிகைக் கடையில், சமையலுக்கு என்று அச்சிட்ட பாட்டிலை மட்டுமே எடுங்கள். சின்ன ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் பழைய பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பதை மோந்து பார்த்து முடிவு செய்யவே கூடாது.

அறிகுறி: உள்ளே நெடி, பஞ்சு பழுப்பாகிறது

பெரும்பாலான பைகளுக்கு இதுதான் கோளாறு. லைனிங்கில் தார் படிந்திருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இது முழுவதும் தீரக்கூடியது.

லைனிங்கைச் சட்டைப்பை மாதிரி வெளியே இழுத்துத் திருப்புங்கள். பல பைகளில் மேல் ஓரத்தில் மட்டும்தான் தையல் இருக்கும், அடி வரை வெளியே வந்துவிடும். மூலைத் தையலில் தூளாகக் கிடப்பதைக் கூர்ந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில், தேயிலைத் தூள் போல, தையல் நூலோடு பின்னிக்கொண்டிருக்கும். அது புகையிலைத் துகள். எத்தனை முறை துடைத்தாலும் நெடி திரும்புகிறது என்று சொல்பவர்களின் பைகளில் பலவற்றில் இந்தத் துகள்தான் மூலையில் தங்கியிருக்கும். ஈரம் படுவதற்கு முன்பே, காய்ந்த பல் துலக்கியால் கிளறி உதறுங்கள். சிக்கியதை ஊசி முனையால் எடுங்கள். வேக்குவம் இருந்தால் சின்ன முனையைப் போட்டு இழுத்துவிடுங்கள். ஈரம் பட்ட புகையிலை லைனிங்கில் பழுப்புச் சாயம் இறக்கும், அந்தக் கறையை எடுப்பது தனிப் பாடு.

பிறகு 250 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி திரவச் சோப்பு. அதற்கு மேல் வேண்டாம். நுரை அதிகமானால் அதை எடுக்கத் தண்ணீர் அதிகம் வேண்டும், அந்தத் தண்ணீர் உள்ளே அட்டைக்குப் போகும். துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். துணியை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். நெடி கடுமையான பைக்கு மூன்று நான்கு முறை மாற்ற வேண்டிவரும்.

சோப்பைச் சுத்தத் தண்ணீர்த் துணியால் எடுத்த பிறகு வினிகர். ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர். நிக்கோடின் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டதும் உப்பாக மாறித் தண்ணீரில் கரையும், ஆவியாகி மூக்குக்கு வருவது நின்றுவிடும். ஆகவே வினிகர்த் துணியால் துடைத்து 5 நிமிடம் விட்டு, மறுபடி சுத்தத் தண்ணீர்த் துணியால் துடைத்தால்தான் அந்த உப்பு பையை விட்டு வெளியேறும். இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். வினிகர் பித்தளைக் கொக்கியிலும் ஜிப் பல்லிலும் வெளித்தோலிலும் படக்கூடாது.

வினிகரோடு ஆப்பச் சோடாவைக் கலந்து பொங்கவிடச் சொல்லும் யோசனையைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கையில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். சோடா மட்டும் வேண்டுமென்றால், முற்றிலும் காய்ந்த பைக்குள் துணி முடிச்சாகக் கட்டி வையுங்கள். புளித்த வாடைக்கு அது நல்லது. நிக்கோடினும் தன்னைப் போலவே காரம் என்பதால், சிகரெட் நெடியில் அதற்குப் பெரிய வேலை கிடையாது. தூளாகக் கொட்டினால் தையலுக்குள் புகுந்து வெளியே வராது.

காயவைப்பதை நேரம் பார்த்துச் செய்யுங்கள். இந்தப் பக்கம், முக்கியமாக ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும், மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வழக்கம். காலை 8 மணிக்கே துடைக்கத் தொடங்கினால், 10 மணிக்கு லைனிங் வெளியே தொங்க, பை நிழலில் காற்று வாங்கும். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்குள் எடுத்துக் காற்றாடிக்கு நேராக, இரவு முழுவதும். மாலையில் துடைத்துவிட்டு இரவில் மூடி வைத்த பையில் சிகரெட் நெடி போய்ப் பூஞ்சண வாடை வந்து குந்திக்கொள்ளும். நேர் வெயிலில் லைனிங்கை மட்டும் அரை மணி நேரம் காட்டலாம். தோலைக் காட்டினால் நிறம் வெளுக்கும், விறைக்கும்.

துடைத்த அன்று நெடி முன்னைவிடக் கூடியதாகத் தோன்றினால் பயப்படாதீர்கள். ஈரம் பட்டதும் படலம் இளகி வாடையை விடும். காய்ந்து 24 மணி நேரம் கழித்து மறுபடி மோந்து பாருங்கள்.

அறிகுறி: போனது போல இருந்தது, மழை நாளில் திரும்புகிறது

ஈரக் காற்று துணிக்குள் புகும்போது, அங்கே ஒட்டியிருந்த வாடையை வெளியே தள்ளுகிறது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த இடத்தில்தான் கரி வருகிறது.

ஆக்டிவேட்டட் கார்பனின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை வரும். வாடை அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சாத்தே இறைச்சி சுடும் சாதாரணக் கரியில் அந்த அளவு துளைகள் இல்லை. பேராக்கின் கோலா செபெத்தாங் சூளைகளில் வேகும் சதுப்புமரக் கரி அடுப்புக்கு அருமையானது, ஆனால் இந்த வேலைக்கு அது ஈடாகாது. மீன்தொட்டிக் கடைச் சரக்கையே வாங்குங்கள்.

நடுத்தரப் பைக்கு 200 கிராம் போதும். இரண்டு பழைய பருத்திக் காலுறைகளில் நூறு நூறு கிராமாகப் போட்டு முடிந்து, அதன்மேல் இன்னொரு காலுறை மாட்டுங்கள். ஒற்றைத் துணியில் கரித்தூள் கசியும், வெளிர் லைனிங்கில் பட்டால் போகாது. பையைத் திறந்த வாயோடு பெட்டியில் வைத்து, ஒரு முடிச்சை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வையுங்கள். சிலிக்கா ஜெல்லையும் ஒரு துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுங்கள். இது கட்டாயம். நம் ஊர் ஈரத்தில் கரியின் துளைகளைத் தண்ணீரே அடைத்துக்கொண்டால் வாடைக்கு இடம் இருக்காது. கரியை வைத்துப் பலனில்லை என்று கைவிடுபவர்கள், ஈரமான பையையோ திறந்த பெட்டியையோ வைத்துத்தான் பார்த்திருப்பார்கள். 7 நாள் மூடி வையுங்கள். நெடி பாதியாகியிருந்தால் புதுக் கரி மாற்றி இன்னொரு 7 நாள். கொஞ்சமும் குறையவில்லை என்றால் மேலும் நாள் கடத்தாமல் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: லைனிங் சுத்தம், நெடி மட்டும் குறையவில்லை

அடியை விரலால் அழுத்துங்கள். பை நிமிர்ந்து நிற்பதற்காக அங்கே ஓர் அட்டை இருக்கும், சிலவற்றில் பக்கங்களில் பஞ்சும் இருக்கும். அட்டை புகையைக் குடித்தால் துடைத்து எடுக்க வழியில்லை. அடித்தட்டு கழன்று வரும் வகையானால் எடுத்து எறிந்துவிட்டு, அதை அளவாக வைத்து 2 முதல் 3 மி.மீ. பிளாஸ்டிக் தகடு வெட்டி, ஓரங்களை உரசி மழுக்கி உள்ளே போடுங்கள். பிளாஸ்டிக் புகையையும் ஈரத்தையும் குடிக்காது.

லைனிங்குக்குப் பின்னால் தைத்து மூடியிருந்தால், உள்பையின் அடித் தையலை 10 சென்டிமீட்டர் பிரித்துக் கையை விட்டுப் பாருங்கள். அட்டை வெளியே வந்தால் மாற்றிவிட்டுத் தைத்துவிடலாம். பக்கத்துப் பஞ்சிலும் நெடி இருந்தால் லைனிங்கை முழுவதும் மாற்றுவதே சரி. தையல்காரரிடம் கொடுக்கும்போது, பழைய லைனிங்கைப் பிரித்து அதையே வெட்டு அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுத்தரப் பைக்கு ஒரு மீட்டர் துணி தாராளம். நல்ல தோல் பைக்கு இந்தச் செலவு தகும். ரெக்சின் பைக்குத் தகாது, அதை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: கைப்பிடியில் மட்டும் நெடி

புகைப்பவரின் விரலில் இருந்த தாரும் கை வியர்வையும் அங்கே சேர்ந்திருக்கும். பூச்சுள்ள தோல் என்றால் அதே சோப்புத் தண்ணீர், பிழிந்த துணி, மூன்று முறை. பிறகு தோலுக்குப் போடும் கிரீம் ஒரு பட்டாணி அளவு. நெடி தையல் ஓட்டை வழியாக உள்ளிருக்கும் கயிற்றுக்கோ பஞ்சுக்கோ இறங்கியிருந்தால் துடைப்பது எட்டாது, கைப்பிடியையே மாற்ற வேண்டும். பட்டுத் துணி சுற்றி மறைக்காதீர்கள், அந்தத் துணியும் ஒரு வாரத்தில் நெடி பிடிக்கும்.

அறிகுறி: பூச்சில்லாத தோல், மென்மயிர்த் தோல் (ஸ்வேட்)

தண்ணீர், சோப்பு, வினிகர், ஆல்கஹால் நான்கும் வேண்டாம். மென்மையான தூரிகையால் ஒரே திசையில் துலக்கிவிட்டு, நேராகக் கரிப் பெட்டிக்கு அனுப்புங்கள். மூன்று வாரம் கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள். தவறி ஓரிடத்தில் தண்ணீர் பட்டு வளையமாகக் கறை விழுந்துவிட்டால், அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் அந்தப் பக்கம் முழுவதையும் லேசான ஈரத்துணியால் ஒரே சீராக ஒற்றிக் காயவிடுங்கள். வளையத்தின் விளிம்பு மங்கும்.

அறிகுறி: சிகரெட் நெடியோடு கிராம்பு வாசம்

முன்பு வைத்திருந்தவர் இந்தோனேசியாவின் கிராம்பு கலந்த கிரேத்தேக் சிகரெட் பிடித்திருப்பார். கிராம்பில் உள்ள யூஜெனால் எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சோப்புத் துடைப்புக்குப் பிறகு, லைனிங்கின் மறைவான ஓரத்தில் ஆல்கஹாலைத் தொட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள், ஊற்றாதீர்கள். சாமி விளக்கோ அடுப்போ எரியும் அறையில் வேண்டாம், சட்டென்று பிடித்துக்கொள்ளும். பையின் தோலில் பட்டால் பூச்சை உரித்துவிடும்.

அறிகுறி: உள்பை பிசுபிசுக்கிறது, விரலில் ஒட்டுகிறது

இது புகையால் வந்ததில்லை. லைனிங்கின் மேல் இருந்த பாலியூரித்தேன் பூச்சு, பல வருட ஈரத்தில் சிதைந்துகொண்டிருக்கிறது. துடைக்கத் துடைக்க இன்னும் உரியும். லைனிங்கை மாற்றுவது ஒன்றே வழி. கடையிலேயே உள்பைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டால் இந்த நஷ்டம் வராது.

அறிகுறி: சிகரெட் நெடிக்கு அடியில் மக்கிய வாடை, சாம்பல் புள்ளிகள்

பூஞ்சணம். பையை வெளியே எடுத்துப்போய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். லைனிங்கை ஆல்கஹாலால் ஒற்றி, இரண்டு நாள் காற்றாடியில் காயவைத்த பிறகுதான் சிகரெட் வேலையைத் தொடங்க வேண்டும்.

வேலை முடிந்தபின் தோலில் வெள்ளை படர்ந்தால் அது பூஞ்சணம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். முடி உலர்த்தியை இளஞ்சூட்டில் காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலின் மெழுகு, கவலையில்லை. மறையாமல், ஈரத்துணியில் கரைந்தால் சோடாவோ சோப்போ மிஞ்சியிருக்கிறது. மறையாமல் மக்கிய வாடையும் வந்தால் பூஞ்சணம்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

சாம்பிராணி போடாதீர்கள். வீட்டுக்கு அது மங்களம், பைக்கு அது இன்னொரு புகை. பழைய படலத்தின் மேல் பிசினும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். வாசனைக்கு வைக்கும் பாண்டான் இலை ஈரத்தைக் கொண்டுவரும். காப்பித்தூள் மறைக்கும், கறையும் போடும்.

பாச்சை உருண்டை போட்டால் இரண்டு நெடி ஆகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: நாப்தலீன் உருண்டையின் ஆவி, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம்.

ஓசோன் இயந்திரம் நெடியை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும், பையில் உள்ள எலாஸ்டிக்கையும் சேர்த்து. தோலின் சாயத்தையும் வெளுக்கும், அறையில் இருப்பவரின் நுரையீரலையும் கெடுக்கும். கார் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்து வேகவைப்பதும் வேண்டாம், பசை இளகித் தோலும் லைனிங்கும் பிரியும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

முதலில் செய்த அதே பிளாஸ்டிக் பைச் சோதனைதான், 24 மணி நேரம். ஆனால் இரண்டு தடவை: ஒன்று வெயில் நாளில், ஒன்று மழை பெய்துகொண்டிருக்கும் நாளில். மழை நாளிலும் துணி வாடையும் தோல் வாடையும் மட்டும் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். முதல் இரண்டு வாரத்துக்குப் பருத்திக் கைக்குட்டை ஒன்றை உள்ளே போட்டு வைத்து, வாரக் கடைசியில் அந்தக் கைக்குட்டையை மோந்து பாருங்கள். அதில் நெடி ஏறியிருந்தால் பையைக் கரிப் பெட்டிக்கே திருப்பி அனுப்புங்கள். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் பையைக் கூடத்து ஆணியில் மாட்ட வேண்டாம். படுக்கையறை அலமாரியில், துணி உறைக்குள் வையுங்கள்.